தொழில்நுட்பத் தொடர்பாடல் படித்தால் சட்டத்துறையில் பயன்படுமா?

கையேடு போன்ற தொழில்நுட்ப ஆவணங்களைத் தெளிவாக எழுதக் கற்பிக்கும் தொழில்நுட்பத் தொடர்பாடல் பாடநெறியைத் தொடரும் ஒருவர், பின்னாளில் சட்டத்தரணியாக விரும்பினால் இந்தப் படிப்பு வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறார். நானும் அதே வழியில் வந்து, இப்போது இலங்கையின் ஹட்டனில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் கனிஷ்ட சட்டத்தரணியாகப் பணியாற்றுகிறேன். வீணாகாது. ஆனால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தனியாகத்தான் உழைக்க வேண்டும்.

பாடசாலைக் கட்டுரையில் ஒரே சொல் மீண்டும் வந்தால் ஆசிரியர் சிவப்புக் கோடு போடுவார். தொழில்நுட்ப எழுத்தில், ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைத் தெரிந்து, அதன் வரையறையைத் தொடக்கத்திலேயே தந்து, இறுதிவரை அதையே ஆள வேண்டும். இயந்திரக் கையேட்டில் ஓர் உறுப்புக்கு இரண்டு பெயர் கொடுத்தால், படிப்பவர் இரண்டு உறுப்புகள் இருப்பதாகவே எண்ணுவார்.

இதன் அருமை சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) எழுதும்போதுதான் விளங்கியது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா "பேரை வெட்டிட்டாங்க" என்றார். அன்றைக்குப் பேர் போடவில்லை (அந்த நாள் வேலையைப் பதியவில்லை), அரைப்பேர் போட்டார்கள் (அரை நாளாகவே பதிந்தார்கள்), செக்றோலிலிருந்தே (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டிலிருந்தே) நீக்கிவிட்டார்கள் என்று அதற்கு மூன்று பொருள் கொள்ளலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தொழிலாளர் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், எந்தப் பொருள், எந்த நாள் என்பதில்தான் வழக்கின் உயிரே இருந்தது. என் முதல் வரைவிலோ, பழைய கட்டுரைப் பழக்கத்தால், ஒரு பந்தியில் "பணிநீக்கம்" என்றும் அடுத்ததில் "இடைநிறுத்தம்" என்றும் எழுதியிருந்தேன். அவரை நீக்கவேயில்லை, தற்காலிகமாக நிறுத்தியே வைத்தோம் என்று நிர்வாகம் வாதிட அதுவே போதும் என்று சொல்லி, சீனியர் தாளைத் திருப்பித் தந்தார்.

பணிக்கொடை (வேலை முடியும்போது சேவைக்காலத்துக்காகக் கிடைக்கும் தொகை) கோரும் கடிதமும் அப்படித்தான். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம்; 22 ஆண்டுகள் வேலை செய்தவருக்கு 308 நாட் சம்பளம். இந்தக் கணக்கைக் கடிதத்தின் முதல் வரிகளிலேயே வைக்கும் பழக்கம் அந்தப் பாடநெறி தந்தது.

அது தராதது வாதத் திறமை. நடுநிலையாக விளக்கிப் பழகிய எனக்கு, ஒரு பக்கம் நின்று பேச வெகுநாள் நா எழவில்லை.

நிபுணரிடம் கேட்டு எழுதும் பயிற்சிகளை மட்டும் தட்டிக் கழிக்காதீர்கள். பேரை வெட்டிய திகதியைக் கேட்டபோது அந்த அம்மாவுக்கு நினைவில்லை. அந்த நாட்களில் தோட்டத்தில் வேறென்ன நடந்தது என்று கேட்டேன். "தீவாளி அட்வான்ஸ் குடுத்த கெழமைங்க" என்றார். முற்பணம் பதிவான சம்பளச் சீட்டைக் கொண்டு நாளைக் கண்டுபிடித்தோம்.