40000 என்ற எண்ணுக்குக் கணிதத்தில் ஏதும் சிறப்பு உண்டா?

யாழ்ப்பாணத் தபால் குறியீடு 40000 என்பதால் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. குறியீடு நிருவாக வசதிக்காகக் கொடுத்தது, அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் எண்ணைப் பிரித்துப் பார்த்தால் சுவையான விஷயங்கள் இருக்கின்றன.

முதன்மைக் காரணிகளாக எழுதினால் 2⁶ × 5⁴. அடுக்குகள் இரண்டுமே இரட்டை, ஆகவே இது நிறைவர்க்கம்: 200². காரணிகளின் எண்ணிக்கை (6+1) × (4+1) = 35. ஒற்றை எண்ணாக வருவதைக் கவனியுங்கள். 1க்கு 40000, 2க்கு 20000, 64க்கு 625 என்று எல்லாக் காரணிகளும் சோடி சேரும்; 200 மட்டும் தன்னோடு தானே பெருகி நிற்கும். நிறைவர்க்கம் எதை எடுத்தாலும் இதே கதைதான்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 40000ஐ இரண்டு நேர் முழு எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இரண்டே விதமாக எழுதலாம்:

120² + 160² = 14400 + 25600
56² + 192² = 3136 + 36864

அதாவது 120 மீட்டருக்கு 160 மீட்டர் செவ்வகக் காணி என்றால் மூலைவிட்டம் சரியாக 200 மீட்டர். மேசன்மார் மூலை சரிபார்க்கும் அதே 3, 4, 5 தான், 40 மடங்கு. இரண்டாவது 7, 24, 25இன் 8 மடங்கு. அது பலருக்குச் சட்டென்று பிடிபடாது. இதற்கெல்லாம் காரணம் 5 தான், ஏனென்றால் 5 = 1² + 2². 2ஐ மட்டும் எத்தனை தரம் பெருக்கினாலும் இப்படி இரண்டு விதம் கிடைக்காது.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 4, அது 40000ஐ வகுக்கும் என்பதையும் சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பெரிய விஷயமில்லை.