சாப்பாடு போதாத பிள்ளைக்கு குரோத் ஹார்மோன் ஊசி பலன் தருமா?

"ஏழு வயதுப் பையன், எடையும் குறைவு, உயரமும் குறைவு, சாப்பிடவே மாட்டான், ஊசி போட்டால் வளர்வானா" என்று கேட்டிருக்கிறீர்கள். சத்துக்குறைவுதான் காரணம் என்றால், பெரும்பாலும் பலன் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சத்துக்குறைவுள்ள பிள்ளையின் ரத்தத்தில் குரோத் ஹார்மோன் பல நேரம் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கும். ஆனால் எலும்பை நீளச் செய்யும் வேலையில் பெரும்பங்கு ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளுக்கு. ஹார்மோன் சொல்லி, கல்லீரல்தான் அதை அதிகம் தயாரிக்கிறது. சாப்பாடும் புரதமும் போதாதபோது கல்லீரல் அந்தப் பேச்சைக் கேட்காது. உடம்பு கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்கிறது: இருக்கும் கொஞ்சத்தை உயரத்துக்குச் செலவழிக்காமல், அதே ஹார்மோனை வைத்துக் கொழுப்பைக் கரைத்து, சர்க்கரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஏற்கெனவே கத்திக்கொண்டிருப்பவனிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்து என்ன பயன்?

1966இல் இஸ்ரேலில் விவரிக்கப்பட்ட லாரன் குறைபாட்டிலும் ரத்த முடிவு இப்படித்தான், குரோத் ஹார்மோன் அதிகம், ஐஜிஎஃப்-1 குறைவு என்று வரும், ஆனால் அது மரபணுக் கோளாறு, சோறு போட்டுச் சரியாகாது. சத்துக்குறைவில் அப்படியில்லை, நன்றாகச் சாப்பிடத் தொடங்கினால் சில நாட்களிலேயே ஐஜிஎஃப்-1 ஏறத் தொடங்கும், எடை முதலில் வரும், உயரம் அப்புறம்.

சரி, ஏன் சாப்பிட மாட்டான் என்று பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், நாள்பட்ட தொற்று எல்லாம் சோதிக்க வேண்டியவை. ஐஜிஎஃப்-1 குறைவு என்ற ஒரே தாளை வைத்து யாராவது ஊசி எழுதினால், குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடமும் காட்டுங்கள்.