குறி கேட்பது பாவம் என்றால், சபையில் தீர்க்கதரிசனம் கேட்பது மட்டும் எப்படிச் சரி?

நியாயமான கேள்வி. ஜோசியரிடம் போகாதே என்று கண்டிக்கிற அதே சபையில், 'அந்த ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடு' என்றும் சொல்கிறார்கள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். தீர்க்கதரிசன வரம் இன்றும் உண்டு என்று நம்புகிறவன் நான். ஆனாலும் பல இடங்களில் நடப்பது குறி கேட்பதுதான், ஆளும் மேடையும்தான் வேறு.

தடை உபாகமம் 18-இல் இருக்கிறது. குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம்பார்க்கிறவன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று பத்தாம் வசனத்திலிருந்து ஒரு பட்டியலே வரும். பிரசங்கங்களில் இந்தப் பகுதி நிறைய கேட்டிருப்பீர்கள். அதே அதிகாரம் இருபதாம் வசனத்தில் உள்ளே இருப்பவர்கள் பக்கம் திரும்புகிறது. கர்த்தர் சொல்லாததை அவர் பெயரால் சொல்கிற தீர்க்கதரிசி சாகவேண்டும், சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்கிறது. அதுவரை யாரும் வாசித்துக்காட்டுவதில்லை.

சரி, சொன்னது நடந்துவிட்டால்? அதுவும் போதாது. உபாகமம் 13-இன்படி, சொன்ன அடையாளம் பலித்தாலும், அது உன்னை வேறு தெய்வத்திடம் இழுத்தால் கேட்காதே. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவி பிடித்த ஒரு அடிமைப்பெண் பவுலின் பின்னாலேயே வந்து, 'இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர்' என்று கத்தினாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. இலவச விளம்பரம் என்று பவுல் அதை வைத்துக்கொள்ளவில்லை, அந்த ஆவியைத் துரத்தினார். அவளை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த எஜமான்கள், வருமானம் போன கோபத்தில் பவுலையும் சீலாவையும் அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போனார்கள் (அப்போஸ்தலர் 16).

நீங்கள் உட்கார்ந்து வாசிக்கவேண்டியது எரேமியா 28. பாபிலோனுக்கு அடிபணிவதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் நுகத்தோடு திரிகிறார். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்க்க, பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பிவரும் என்கிறான். 'கர்த்தர் சொல்லுகிறார்' என்றுதான் அவனும் ஆரம்பிக்கிறான். எரேமியா பதிலுக்குக் கத்தவில்லை. ஆமென், அப்படியே ஆகட்டும், ஆனால் சமாதானம் என்று சொல்கிறவனின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினாரா என்று தெரியும் என்கிறார். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பேசாமல் போய்விடுகிறார். பிறகுதான் கர்த்தர் அவரைத் திருப்பி அனுப்புகிறார்: மரநுகத்தை உடைத்தாய், இனி இருப்பது இரும்புநுகம். ஐந்தாம் மாதம் பேசிய அனனியா ஏழாம் மாதம் செத்துப்போகிறான். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் நாம் யாருக்குக் கைதட்டியிருப்போம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் படுக்கையில் கிடந்தபோது, வெளியிலிருந்து வந்த ஒருவர் 'இந்த மாதத்துக்குள் எழுந்து நடப்பார்' என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அக்கா அதைத் தினமும் கணவரின் காதருகே வைத்துப் போட்டுக்காட்டினார். அவர் இறந்துவிட்டார். அப்புறம் வந்த பதில், 'உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டது.' கணவர் போன துக்கத்தின் மேல், அவர் சாவுக்குத் தானே காரணமோ என்ற பாரமும் அந்த அக்காமேல் ஏறிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பொய்யானவன்மேல் விழவேண்டிய பழியைக் கேட்டவர்மேல் தள்ளுவதற்கு வேதத்தில் எந்த இடத்திலும் அனுமதி இல்லை.

இயேசு திரும்பிவரும் நாளைக் குறிக்கிறவர்கள் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்தார்கள். அங்கேயே வானொலிப் பிரசங்கியாக இருந்த ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், அது கடந்ததும் அக்டோபர் 21 என்றார். அந்த நாளைப் பிதா ஒருவர்தவிர யாரும் அறியார்கள் என்று இயேசுவே சொன்னபிறகும் (மத்தேயு 24:36) கூட்டம் சேரத்தான் செய்தது.

பணம் விஷயத்துக்கு நீண்ட விளக்கமே வேண்டாம். வாய்க்கு ஏதாவது கிடைத்தால் சமாதானம், கிடைக்காவிட்டால் யுத்தம் என்று பேசிய தீர்க்கதரிசிகளை மீகா 3-இல் பார்க்கலாம். ஆதிச்சபையின் டிடாக்கே என்ற நூல், ஆவியில் பேசும்போது தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொன்னால் அவனை நியாயந்தீர்க்காதே என்றும் சேர்த்தே சொல்கிறது.

உங்களுக்கு யாராவது 'வார்த்தை' சொல்லியிருந்தால், அதை வைத்துத் திருமணத்தையோ வேலையையோ முடிவு செய்யாதீர்கள், மருந்தை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சொன்னதை அதே வார்த்தைகளில் தேதியோடு எழுதிவைத்து, வேதம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். சொன்னவரிடமும் நேராகக் கேளுங்கள்: இது நடக்காவிட்டால், இதே சபைமுன் நின்று நான் சொன்னது தவறு என்பீர்களா? அப்படிக் கேட்பது அவமரியாதை இல்லை. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது இதைத்தான்.