நாளைக்கும் அது காசாக இருக்குமா?

அன்புள்ள அம்மா,

மியன்மாரில், யாங்கோனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 27. ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பையன்களுக்குத் தமிழும் கணக்கும் சொல்லித் தருகிறேன். படிப்பைப் பாதியில் விட்டு டீக்கடை, ஒர்க்‌ஷாப் என்று வேலைக்குப் போகும் பிள்ளைகள்.

சம்பளம் வாங்கிய மூன்றாம் நாள் கை காலி. போன மாதம் ஒருவன் கூட்டாளிகள் எல்லோருக்கும் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்து, மீதிக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கினான். அடுத்த வாரம் பஸ்ஸுக்கு என்னிடம் கடன். திட்டினால், "சேர்த்து வைச்சா நாளைக்கும் அது காசா இருக்குமா சயா (வாத்தியாரே)?" என்று சிரிக்கிறான். இன்னொருவன் நேர் எதிர். எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் பூட்டிவிட்டு, அறுந்த செருப்பைக் கம்பியால் கட்டிக்கொண்டு வருகிறான். சேமிப்பைப் பற்றிப் பாடம் எடுத்துப் பார்த்தேன், ஏறவில்லை. கோபம்தான் வருகிறது.

*

அன்புத் தம்பி,

அவன் கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் திட்டிவிட்டீர்களே!

நம் ஊரில் காசு காசாக இல்லாமல் போயிருக்கிறது. 1964-இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1985-இல் மறுபடியும். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள். அந்த முறை மாற்றிக்கூடக் கொடுக்கவில்லை. பெட்டியில் கட்டி வைத்தவர் ஏமாந்தார், அன்றன்றைக்குத் தின்று தீர்த்தவர் தப்பித்தார். என் அம்மா அதற்கப்புறம் நோட்டை நம்பவே இல்லை, கொஞ்சம் சேர்ந்தால் குண்டுமணித் தங்கமாவது வாங்கிவிடுவார். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, பாங்கில் போட்ட காசை எடுக்க முடியாமல் ஏடிஎம் வாசலில் ஜனம் வரிசை கட்டி நின்றதை உங்கள் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள். டின்னில் பூட்டுகிறவனுக்கும் இதே பயமாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

மொகிங்காவை வீண்செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். நாளைக்கு வேலை போனால் அவனுக்குச் சோறு போடப் போவது அந்தக் கூட்டாளிகள்தான். கறுப்புக் கண்ணாடி, சரி, வயசு.

ஒரு ஞாயிறு பாடத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் காசுக்காக நடந்த சண்டை எதுவாவது ஞாபகம் இருக்கிறதா என்று பேச்சை எடுங்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள். அடுத்தவன் காசு தீர்ந்ததற்கு உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? உங்கள் வீட்டு வாசலில் கடன்காரர் நின்ற கதை ஏதும் உண்டா? வாய் திறக்காத பையனை விட்டுவிடுங்கள். யார் வீட்டிலும் எவ்வளவு வருமானம் என்று கேட்க வேண்டாம்.

அப்புறம், சிரிக்கிறவனிடம் சேமிப்பு என்ற வார்த்தையே வேண்டாம். அந்த மாத பஸ் காசை மட்டும் சம்பளத்தன்றே தனியாக எடுத்து வைக்கட்டும். அந்த மாதமே செலவாகிவிடுகிற காசு, அதனால் அவன் பயத்தோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

செருப்புப் பையனைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போங்கள். விலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.