கேட்டு வாங்குங்கள்: மே மாதப் பென்குயினும் எண்ணில்லாத 'சிறு குழு'வும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைப் பற்றியவை: நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃபியோர்ட்லேண்ட். மலையைப் பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த ஃபியோர்டுகள் அங்கே பதினான்கு. ஊரிலிருந்து நேராக ரோடு போவது மில்ஃபோர்டுக்கு மட்டும். டவுட்ஃபுல் போக மனாபூரி ஏரியைப் படகில் கடந்து, வில்மட் கணவாய் வழியே பஸ்ஸில் இறங்க வேண்டும். அதற்கும் தெற்கே பிரேக்சீ, டஸ்கி எல்லாம் படகு அல்லது ஹெலிகாப்டர்தான். அங்கே ஐந்தாறு நாள் பாய்மரப் படகில் தங்கிப் பறவை பார்க்கும் பயணத்துக்குப் பணம் கட்டியவர்களும் கட்டப்போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மே மாதம் டஸ்கி சவுண்டுக்கு ஆறு நாள் பயணம். 'தவாக்கி பென்குயின் நிச்சயம்' என்று விளம்பரம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கேட்டால் 'இயற்கை, நாங்கள் என்ன செய்ய' என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (எஸ்.வி., ஆக்லாந்து)

ஒரு பங்காவது கிடைக்க வேண்டும். இதில் இயற்கையைப் பழிக்க ஒன்றுமில்லை. காலண்டர் பார்த்தாலே போதும். தவாக்கி ஜூலையில் கரையேறும். மரவேருக்கு அடியிலும் பாறைப் பொந்திலும் இரண்டு முட்டை இடும். நவம்பர் கடைசி வாக்கில் குஞ்சு கடலுக்குப் போய்விடும். பெரியவையும் கிளம்பிப்போய், தின்று கொழுத்து, ஜனவரி கடைசியில் இறகு உதிர்க்கத் திரும்பும். பழைய இறகு போய்ப் புதிது முளைக்கும் மூன்று நான்கு வாரமும் தண்ணீரில் இறங்க முடியாது. கரையிலேயே பட்டினி கிடக்கும். மார்ச்சோடு அதுவும் முடிந்தது. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை நடுக்கடல்தான். மே மாதப் பயணத்துக்கு 'நிச்சயம்' என்று எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அல்லது இது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது: விளம்பரம், மின்னஞ்சல், ரசீது எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் போனதும் அந்த வரி இணையதளத்திலிருந்து காணாமல் போகும். பிறகு எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்த வரியைப் படித்துப் பணம் கட்டினீர்கள், எவ்வளவு திரும்ப வேண்டும், எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று மூன்றே விஷயம். முழுத் தொகையையும் கேட்காதீர்கள். படகு ஓடியது, சாப்பாடு போட்டார்கள். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நியூசிலாந்தின் 1986 நியாய வணிகச் சட்டம் தடுக்கிறது. சேவை சொன்னபடி இருக்க வேண்டும் என்பதற்கு 1993 நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் இருக்கிறது. இரண்டின் பெயரையும் கடிதத்தில் போடுங்கள். மசியவில்லை என்றால் டிஸ்ப்யூட்ஸ் டிரிப்யூனல் என்னும் சிறு வழக்கு மன்றம். அங்கே வக்கீல் கிடையாது, நீங்களே பேசலாம். கார்டில் கட்டியிருந்தால், 'சொன்ன சேவை வேறு, தந்தது வேறு' என்று வங்கியில் சார்ஜ்பேக்கும் (கார்டில் போன பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, இன்றைக்கே போன் பண்ணுங்கள்.

இதைச் சாக்கிட்டு ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பல நாள் வயிற்றெரிச்சல். இந்தப் பயண விளம்பரங்களில் பறவைப் பட்டியல் என்று ஒன்று வரும். நாற்பது ஐம்பது பெயர் இருக்கும். மாதம் இருக்காது, இடம் இருக்காது. ஃபியோர்ட்லேண்டில் என்றோ எங்கோ பறந்ததெல்லாம் அதில் சேர்த்தி. ராக் ரென் என்று போட்டிருப்பார்கள். அது மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே பாறைகளுக்கு நடுவில் வாழ்கிற குருவி, படகில் இருப்பவருக்கு அதனோடு என்ன வேலை? தகாஹே என்று இருக்கும். அழிந்தே போனதாக நினைத்து 1948இல் மர்ச்சிசன் மலையில் திரும்பக் கண்டுபிடித்த பறவை அது. அதைப் பார்க்கப் படகே வேண்டாம், தெ அனாவ் ஊரில் ஏரிக்கரைப் பறவைக் காப்பகத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். கிவி இருக்கும், ராத்திரி கரையிலிருந்து கூவுவது கேட்டால் உங்கள் அதிர்ஷ்டம். இப்படி அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. ஃபியோர்டின் வாயில் மாலிமாக் என்னும் சிறிய ஆல்பட்ராஸ்கள், கரையில் வேக்கா, காட்டுக்குள் காக்கா. (நம்மூர்க் காக்கா இல்லை; அது கிளி.) மோஹுவா, டீக்கே என்னும் காட்டுப் பறவைகள் எலியும், ஸ்டோட் என்னும் கீரி மாதிரி வேட்டைப் பிராணியும் ஒழிக்கப்பட்ட தீவுகளில்தான் எளிதாகக் கிடைக்கும். அந்தத் தீவில் இறங்க இவர்களுக்கு அனுமதி உண்டா, படகிலிருந்தே எட்டிப் பார்ப்பதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், போன வருடம் இதே மாதம் போன இரண்டு பயணங்களின் பறவைக் குறிப்பை அனுப்பச் சொல்லுங்கள். நல்ல வழிகாட்டி தினமும் ராத்திரி சாப்பாட்டு மேசையில் எழுதி வைத்திருப்பார், அரை மணியில் அனுப்புவார். மழுப்பினால் விடை தெரிந்துவிட்டது.

ககாப்போ என்னும் பறக்காத கிளியை நேரில் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா? (எம்., சிங்கப்பூர்)

நம்பாதீர்கள். டஸ்கியில் ஆங்கர் தீவில் ககாப்போ இருக்கிறது. அனுமதியில்லாமல் அங்கே யாரும் கால் வைக்க முடியாது. அதுவோ ராத்திரிப் பறவை. ஏஜென்டை மாற்றுங்கள்.

'சிறு குழு' என்றார்கள். ஏறிப் பார்த்தால் எழுபது பேர். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்து முழுப் பணமும் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். (ஜே.பி., மெல்போர்ன்)

படத்தில் எழுபது பேரும் நின்றிருந்தால் அனுப்பியிருக்க மாட்டீர்கள், இல்லையா? 'சிறு' என்பது எண் இல்லை. எத்தனை பேர் என்று ஒரு வரி கேட்க உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்! நேரடி வங்கிப் பரிமாற்றம் என்பதால் சார்ஜ்பேக் வழியும் அடைபட்டது. படகின் பெயரும் கொள்ளளவும் எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வாதாட உங்கள் கையில் அதிகம் இல்லை.

இனி கட்டப்போகிறவர்கள் மூன்று எண்களைக் கேளுங்கள்: பயணிகள், வழிகாட்டிகள், கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகுகள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு பேருக்கு ஆறு பேர் ஏறும் ஒரே ரப்பர் படகு என்றால், ஒவ்வொரு முறையும் பாதிப் பேர் மேல்தளத்தில் நின்று மீதிப் பேர் பறவை பார்ப்பதைப் பார்க்கலாம். தேசியப் பூங்காவுக்குள் ஆட்களை இறக்கித் தொழில் நடத்த நியூசிலாந்து இயற்கைப் பாதுகாப்புத் துறையின் உரிமம் வேண்டும். அதன் நகலையும் கேட்கலாம், தப்பில்லை.

10–30 ஜூம் பைனாகுலர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் 12×50. எது நல்லது? (கே.ஆர்., கோவை)

இரண்டும் வேண்டாம். ஆடும் படகில் பன்னிரண்டு மடங்கு பெரிதாவது பறவை மட்டும் இல்லை, உங்கள் கைநடுக்கமும்தான். 12×50 ஒன்று என் அலமாரியில் வருடக்கணக்காகத் தூங்குகிறது, கேட்டால் கொடுத்துவிடுவேன். ஜூம் அதைவிட மோசம்: பார்வை வட்டம் குறுகும், வெளிச்சம் குறையும், உள்ளே அசையும் பாகம் அதிகம் என்பதால் ஈரம் புக வழியும் அதிகம்.

8×42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். மழை மூட்டத்திலும் காட்டு நிழலிலும் அதுதான் காப்பாற்றும். 12×50இல் அது 4.2தான். 'நீர் தாங்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். தண்ணீர் புகாது, உள்ளே நைட்ரஜன் நிரப்பியது என்று இரண்டும் இருக்க வேண்டும். நைட்ரஜன் இல்லாவிட்டால் சூடான கேபினிலிருந்து குளிரில் வந்ததும் உட்பக்கம் ஆவி படியும். கண்ணாடி போடுபவர் என்றால் 'ஐ ரிலீஃப்' (லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் விடக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கடையில் ரப்பர் வளையத்தை இறக்கிவிட்டு, கண்ணாடியோடே, எதிர்ச்சாரிக் கடைப் பலகையை இரண்டு நிமிடம் விடாமல் பாருங்கள். நடுவில் மட்டும் எழுத்து தெளிந்து ஓரத்தில் கரைந்தால், அல்லது நெற்றி கனத்தால், அது உங்களுக்கில்லை.

ஐந்து நாளில் நாலு நாள் என்ஜினில்தான் ஓட்டினார்கள். பாய்மரப் பயணம் என்று ஏமாற்றிவிட்டார்களா? (டி.எஸ்., வெலிங்டன்)

இல்லை. இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் சுவர் மாதிரி மலை. உள்ளே காற்று ஒன்று அசையாது, அல்லது உச்சியிலிருந்து அறை விடுவது மாதிரி விழும். இரண்டிலும் பாய் விரிக்க முடியாது. டவுட்ஃபுல்லிலிருந்து பிரேக்சீக்குப் போக வெளியே டாஸ்மான் கடலில் இறங்கித்தான் ஆக வேண்டும். பாய் ஏறுவது அங்கே, வாந்தி எடுப்பதும் அங்கே. பிரேக்சீயிலிருந்து டஸ்கிக்கு அக்கெரான் பாசேஜ் வழியே உள்ளுக்குள்ளேயே போய்விடலாம்.

ராத்திரி நிறுத்துவதும் இப்படித்தான். கரைக்கு ஒட்டியே ஆழம் அதலபாதாளமாக இறங்குவதால், ஒதுங்கிய குடாவில் முன்னால் நங்கூரம் போட்டு, பின்னாலிருந்து கயிற்றை ரப்பர் படகில் கொண்டுபோய்க் கரை மரத்தில் கட்டுவார்கள். அதைக் கட்டும் நேரத்தில் மேல்தளத்தில் அமைதியாக இருங்கள். காக்கா வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

வழி மாற்றம் கேப்டன் முடிவு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது நியாயம். அதற்குப் பணம் கேட்காதீர்கள்.

கொசுவை விரட்டும் அல்ட்ராசோனிக் பட்டை சாண்ட்ஃப்ளைக்கும் பயன்படுமா? (ஆர்., மதுரை)

கொசுவுக்கே பயன்படாது.

டீட் அல்லது 20 சதவீத பிகாரிடின் உள்ள மருந்து, வெளிர் நிற முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் சாக்ஸ். கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் 1773இல் டஸ்கியில் ஐந்து வாரம் நின்றபோதே இந்தச் சின்னக் கறுப்பு ஈயைப் பற்றி அவர் புலம்பி எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் நடக்கும்வரை விடும், நின்றால் மொய்க்கும். பறவை பார்ப்பதென்றாலே நிற்பதுதானே! ஒரு எச்சரிக்கை: டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தடவிய கையோடு பைனாகுலரைத் தொட்டால் ரப்பர் உறை பிசுபிசுத்துப் போகும். பிகாரிடினில் அந்தத் தொல்லை இல்லை.

சென்னை ஏஜென்டிடம் 'எல்லாம் அடக்கம்' என்று சொல்லிக் கட்டினோம். டஸ்கியிலிருந்து திரும்பும் ஹெலிகாப்டருக்குத் தனியாகக் கேட்டார்கள். மேகமூட்டத்தில் ஒரு நாள் தள்ளிப்போனதற்கு ஓட்டல் செலவும் எங்கள் தலையில். (பி.எல்., தாம்பரம்)

உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நடுக்காட்டில் நிற்பவரிடம் ஹெலிகாப்டர் காசு கேட்பது பேரம் இல்லை, கழுத்தைப் பிடிப்பது. 'எல்லாம் அடக்கம்' என்ற சொல் பில்லிலோ மெசேஜிலோ இருக்கிறதா? இருந்தால் ஹெலிகாப்டர் பணம் திரும்பும். மேகமூட்டத்து ஓட்டல் செலவு வேறு கணக்கு. பயண இன்சூரன்ஸில் தாமதப் பிரிவு இருக்கிறதா பாருங்கள். முதலில் ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இணையத்திலேயே பதியலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஏஜென்ட் முன்கூட்டியே பிடித்த டி.சி.எஸ். வரி தொலைந்துபோன பணம் இல்லை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், 26ஏ.எஸ். படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மற்றவர்கள் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: ஹெலிகாப்டர் உண்டா, ஆளுக்கு எத்தனை கிலோ சாமான், பறக்க முடியாத நாளின் செலவு யாருடையது. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். ஹெலிகாப்டரிலும் நுழையாது, பங்க் கட்டிலுக்கு அடியிலும் நுழையாது.

நியூசிலாந்தில் விபத்துக்கு அரசே பார்த்துக்கொள்ளும், இன்சூரன்ஸ் தண்டம் என்கிறார் மைத்துனர். (வி.என்., திருச்சி)

மைத்துனர் சொன்னதில் பாதி சரி. விபத்துக் காயத்துக்கு அங்கே ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் சுற்றுலாப் பயணிக்கும் உண்டு. நெஞ்சுவலி விபத்து இல்லை. குடல்வால் விபத்து இல்லை. ரத்தான விமானமும், ஊருக்குத் திரும்பும் ஸ்ட்ரெச்சர் செலவும் அதில் வராது. டவுட்ஃபுல்லுக்கு அப்பால் செல்போன் எடுக்காது, ரோடு இல்லை. பாலிசியில் 'பாய்மரப் படகு' விலக்கப்பட்டிருக்கிறதா, மருத்துவ ஹெலிகாப்டர் சேர்ந்ததா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

800 ரூபாய் ரெயின்கோட் போதாதா? (எஸ்., சேலம்)

சேலத்துக்குப் போதும். மில்ஃபோர்டில் வருடத்துக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை, சென்னையைப் போல நான்கு மடங்கு. தையல்களுக்கு உட்புறம் டேப் ஒட்டிய ஜாக்கெட், அதே மாதிரி பேன்ட். பேன்டை விட்டுவிட்டு ஜாக்கெட் மட்டும் வாங்குபவர்கள், ரப்பர் படகில் உட்கார்ந்ததும் எழுதும் கடிதங்கள் தனிக் கட்டாக இருக்கின்றன.

எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டுபோகலாமா? நியூசிலாந்தில் இருக்கும், தமிழ் எழுத்துப் பொறித்த பழைய வெண்கல மணியையும் இந்தப் பயணத்தில் காட்டுவார்களா? (ஏ.எம்., நாகப்பட்டினம்)

உணவு எதுவானாலும் வருகை அறிவிப்புப் படிவத்தில் 'இருக்கிறது' என்று எழுதுங்கள். பிடுங்கினால் போகட்டும், ஊறுகாய்தானே. எழுதாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன், பழம் எடுக்கவே எடுக்காதீர்கள். ஷூ அடியில் மண் இருந்தால் ஊரிலேயே பிரஷ் போட்டுக் கழுவுங்கள். தீவில் இறங்கும் முன் பையையும் திறந்து காட்டச் சொல்வார்கள். முகம் சுளிக்காதீர்கள். ரிச்சர்ட் ஹென்றி என்பவர் 1894இலிருந்து நூற்றுக்கணக்கான ககாப்போவையும் கிவியையும் பிடித்து ரெசல்யூஷன் தீவில் விட்டார். 1900 வாக்கில் ஸ்டோட் நீந்தி அங்கேயும் வந்தது, எல்லாம் வீண். பிரேக்சீ தீவில் எலியை ஒழித்தது 1988இல்தான். உங்கள் பையில் ஒரு சினை எலி போனால் போதும்.

மணி வெலிங்டனில், தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படகு அந்தப் பக்கம் போகாது.