பிள்ளையின் கால் அளவு

அன்புள்ள ஐயா,

சியாபு என்ற போதைப்பொருள் பழக்கத்தால் என் தம்பி மறுவாழ்வு நிலையத்தில் இருக்கிறான். மனைவி பிரிந்து போய்விட்டாள். இரண்டு பிள்ளைகளையும் பட்டர்வொர்த்தில் நானும் அம்மாவும் வளர்க்கிறோம். வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு நீதிமன்றமே துணை நின்று பிள்ளைகளைத் திரும்பக் கொடுக்கிறதாமே? இது செல்லம் கொடுப்பது இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நடு இரவில் பிள்ளை அழுதால் எழுந்து பார்ப்பவர் நீங்கள். உங்கள் கோபத்துக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அது செல்லம் இல்லை.

லண்டனில் 2008இல் இதற்கென்றே ஒரு குடும்ப நீதிமன்றம் தொடங்கினார்கள். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதா என்ற வழக்குதான் அங்கே வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வழக்கறிஞர் இல்லாமல், அதே நீதிபதியின் எதிரே வந்து உட்கார வேண்டும். பரிசோதனையில் என்ன வந்தது, போன வாரம் ஏன் தவறியது என்று அவரே கேட்பார். சிகிச்சை, குடியிருப்பு, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றுக்கும் கூடவே ஒரு குழு. பிள்ளை வெகுகாலம் காத்திருக்க முடியாது என்பதால் அவகாசம் மாதக் கணக்கில்தான். அதற்குள் திருந்தாதவரிடம் பிள்ளையைக் கொடுப்பதில்லை.

இங்கே மலேசியாவில் தகப்பன் ஒரு வாசலில், பிள்ளை வேறொரு வாசலில். 1983ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டவருக்கு மறுவாழ்வு நிலையத்தில் இரண்டு ஆண்டு, வெளியே கண்காணிப்பில் இரண்டு ஆண்டு என்று வகுத்தது. பிள்ளையின் பாதுகாப்பு 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தில், வேறு நீதிமன்றத்தில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் நீதிபதி நமக்கும் வேண்டும். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

பிறை நகரில் எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் நிலையத்திலிருந்து திரும்பினார். முதல் வேலையாக மகளுக்குப் பள்ளிக் காலணி வாங்கி வந்தார். குழந்தை பாட்டியின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு காலை மட்டும் நீட்டியது. காலணி நுழையவில்லை. அவர் மனத்தில் இருந்தது இரண்டு ஆண்டுக்கு முந்தைய கால். குதிகாலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். அந்த மாதமே பழைய கூட்டாளிகளிடம் போய்விட்டார். காலணிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவராவது அவரிடம் மகளைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

சமூகநல அதிகாரியைப் பாருங்கள். தம்பி வெளியே வருமுன்பே, பிள்ளைகளை அவன் எப்போது, யார் முன்னிலையில் சந்திக்கலாம் என்று பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவனைப் பார்க்கப் போகும்போது, இரண்டு பிள்ளைகளின் காலையும் ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள்.