கான்ட்ராவும் ஆறிப்போன சோறும்

அன்புள்ள சார்,

திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 44. மகன் பத்தாவது படிக்கிறான். சாயங்காலமானால் போனில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். சாப்பிடக் கூப்பிட்டால் ‘இருங்கப்பா, மேட்ச் ஓடுது’ என்பான். சோறு ஆறிப்போய்விடும். நாங்களும் அந்தக் காலத்து டிவி கேம்களான மாரியோ, கான்ட்ரா எல்லாம் ஆடியவர்கள்தான். செத்தால் முதலிலிருந்து தொடங்குவோம். அந்தப் பொறுமை இவனுக்கும் வரட்டும் என்று போன லீவில் அவன் போனிலேயே கான்ட்ராவை ஏற்றிக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆடவில்லை. ‘கிராஃபிக்ஸ் கேவலமா இருக்குப்பா’ என்று வைத்துவிட்டான். இந்தத் தலைமுறைக்குக் கஷ்டப்படவே பிடிக்கவில்லையா? இல்லை, நமக்குத்தான் பழசெல்லாம் பொன்னாகத் தெரிகிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மகன் பக்கம் நின்று ஒன்று சொல்லிவிடுகிறேன். கான்ட்ராவைப் போனில் ஆடச் சொன்னது அநியாயம். அது கட்டைவிரலுக்குத் தட்டுப்படுகிற பட்டன்களை நம்பிச் செய்த ஆட்டம். குதிக்கும்போதே மேலே பார்த்துச் சுட வேண்டும். போன் கண்ணாடியில் விரலுக்கு என்ன தட்டுப்படும்? உங்கள் கடிதம் வந்தபிறகு நானும் ஏற்றிப் பார்த்தேன். முதல் ஸ்டேஜில் வெடித்துச் சிதறுமே, அந்தப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை.

நம்முடைய பொறுமையைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், ஒரு வீட்டு முன்னறையில், மணிக்கு அஞ்சு ரூபாய் வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆட விடுவார்கள். கரண்ட் போனால் ஆறாவது உலகத்தில் நின்ற மாரியோ முதல் உலகத்துக்கு வந்துவிடுவான். காசும் திரும்ப வராது. கேட்டால், ‘கரண்டை நானாடா புடுங்குனேன்?’ என்பார் வீட்டுக்காரர். முதலிலிருந்து தொடங்கினோம் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த கேசட்டில் விட்ட இடத்தைச் சேமித்துவைக்க வழியே கிடையாது, அவ்வளவுதான் விஷயம்.

1985-இல் வந்த சூப்பர் மாரியோ மொத்தமே 40 கிலோபைட். காலையில் சித்தப்பா அனுப்புகிற குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குள் 32 ஸ்டேஜ்களை அடைத்திருக்கிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க, வானத்தில் மேகமாக வருகிற அதே படத்துக்குப் பச்சை நிறம் கொடுத்துத் தரையில் புதராக வைத்துவிட்டார்கள். எத்தனையோ நூறு தடவை ஆடியும் எனக்கு இது தெரியாது. போன வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள், ‘மாமா, மேகமும் செடியும் ஒண்ணுதானே?’ என்றாள். அவளும் கிராஃபிக்ஸ் கேவலம் என்று சொன்னவள்தான்.

இவ்வளவு சின்ன ஆட்டத்தை வாங்கியவன் ஒரே நாளில் முடித்துவிட்டால் யாருக்கு லாபம்? கான்ட்ரா எட்டு ஸ்டேஜ்தான்; கைதேர்ந்தவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதுவும் 1987-இல் முதலில் வந்தது காசு போட்டு ஆடுகிற பெட்டியாக. ஆடுகிறவன் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். நாம் சவால் என்று நினைத்ததில் பாதி கல்லாப்பெட்டிக் கணக்கு. கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ என்று பட்டன்களை அமுக்குவோமே. விரல் இன்னும் மறக்கவில்லைதானே? கான்ட்ராவில் முப்பது லைஃப் தருகிற இந்தக் குறுக்குவழியை முதலில் உண்டாக்கியவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற புரோகிராமர். 1986-இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை டிவியில் மாட்டி ஆடுகிற வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, ஆடிச் சோதித்துப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்ததால் வைத்துக்கொண்டாராம். உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் கான்ட்ராவை மூன்று லைஃபிலா முடித்தீர்கள்?

இவர்களுக்குக் கஷ்டப்படப் பிடிக்கவில்லை என்பதும் சரியில்லை. 2022-இல் வந்த எல்டன் ரிங் என்ற ஆட்டத்தில் ஒரே ராட்சசனிடம் ஐம்பது தடவை செத்து எழுந்து போகிற பையன்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்தச் சோறு. நம் காலத்தில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் மாரியோ அந்தரத்தில் அப்படியே நிற்பான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரலாம். பிஜிஎம்ஐயில் ஒரு மேட்ச்சுக்கு நூறு பேர்வரை இறங்குகிறார்கள். அதை யார் எப்படி நிறுத்திவைப்பது? நாலு பேர் அணியில் உங்கள் மகன் எழுந்து வந்தால் மற்ற மூன்று பேரும் அம்போ. ‘இருங்கப்பா’ என்பதை நீங்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறீர்கள். அவன் தகவல் சொல்கிறான். அடுத்த மேட்ச் தொடங்கும் முன் கூப்பிட்டுப் பாருங்கள். வராவிட்டால் அப்போது திட்டலாம், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் முழுக்க உங்கள் கட்சி. மாரியோவுக்கு முடிவு உண்டு. எட்டாவது உலகத்தில் இளவரசியை மீட்டால் கதை முடிந்தது, வெளியே போய்க் கிரிக்கெட் ஆடலாம். இன்றைய போன் ஆட்டங்கள் பல முடியவே கூடாது என்று திட்டமிட்டுச் செய்தவை. தினமும் எட்டிப்பார்த்தால் பரிசு, ஒரு சீசன் போனால் அடுத்த சீசன், துப்பாக்கிக்குப் புதுச் சட்டை போடக் காசு. தமுக்கம் பொருட்காட்சியில்கூட ராத்திரி விளக்கை அணைத்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

போனை விட்டுவிடுங்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் விசாரித்து, இரண்டு ரிமோட் உள்ள டிவி கேம் பெட்டியாக ஒன்று வாங்குங்கள். கூடவே வாத்து சுடுகிற துப்பாக்கியைக் காட்டினால் ஆசைப்படாதீர்கள், நான் ஏமாந்தேன். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை; அது வெறும் கண். விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். பழைய டியூப் டிவி அதை உடனுக்குடன் காட்டிவிடும். எல்இடி டிவியில் படம் ஒரு துளி தாமதித்து வருகிறது, அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுட்டேன், ஒரு வாத்து விழவில்லை.

கான்ட்ராவை இரண்டு பேராக ஆடுங்கள். முதல் நாளே முப்பது லைஃப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், தப்பில்லை. மூன்றாவது ஸ்டேஜ் அருவி. அங்கே ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் கூடவே ஏறிவிடும், கீழே தங்கியவர் அடிபடாமலே செத்துப்போவார். என் தம்பி என்னை அப்படிக் கொன்ற கணக்கு இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி பேச்சில் வரும். உங்களுக்கு அந்த அருவி மனப்பாடம், அவனுக்குப் புதுசு. அவன் ஏறியபிறகு ஏறுங்கள்.